முதல் பொட்காஸ்ட்: யாழ்ப்பாணத்து வீட்டு அறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், ஒரு பிஸ்கட் ரின்னுக்குள், ஒரு கசெட் இருக்கிறது. கனடாவில் இருந்த மாமாவுக்கு அனுப்பவென்று அம்மம்மா பேசிப் பதிந்தது, என்ன காரணமோ அனுப்பாமலே நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் ஓடும். வெளியில் காகம் கத்துகிறது, யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளும் கப்பிச் சத்தம் கேட்கிறது, நடுவில் அம்மம்மா "தம்பி, சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும் என்பது போல. பொட்காஸ்ட் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கசெட்டைப் பற்றித்தான். ஒருவர் இன்னொருவரை மனதில் வைத்துப் பேசுகிறார், அவர் தனக்கு வசதியான நேரத்தில் கேட்கிறார். பொட்காஸ்ட் அதையே பகுதி பகுதியாக இணையத்தில் செய்வது. மைக், செயலி, படம் எல்லாம் அதற்குப் பிறகு.

கைத்தொழில் செய்யும் வயதான ஆக்களுடன் கதைத்து, ஆறு பகுதிகளாக என் முதல் பொட்காஸ்ட்டைச் செய்து முடித்தேன். அதில் பழகியதை, செய்த ஒழுங்கிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

யாருக்குப் பேசுகிறீர்கள்

முதல் வேலைக்குத் தாளும் பேனையும் போதும். "உலகத் தமிழர் எல்லாருக்கும்" என்று எழுதாதீர்கள், அப்படி ஒரு ஆள் இல்லை. ஒரே ஒருவரை எழுதுங்கள்: அவருடைய வயது, இருக்கும் இடம், எந்த நேரத்தில் கேட்பார், எந்தச் சொல் அவருக்கு விளங்காது என்பது வரை. என்னுடைய ஆள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளின் மகள். வயது 19. தமிழில் சொன்னால் எல்லாம் விளங்கும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இதை எழுதி வைத்ததும் பாதி முடிவுகள் தானாக வந்துவிட்டன. யாராவது "புழுக்கொடியல்" என்று சொன்னால், அது பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது என்று நான் இடையில் ஒரு வரி சொல்ல வேண்டும். குசினி, விறாந்தை எல்லாம் அவர்கள் வீட்டிலும் புழங்கும் சொற்கள், விளக்கம் வேண்டாம். இதுவே கோப்பாயில் தோட்டம் செய்கிறவருக்கான பொட்காஸ்ட் என்றால், அவருக்குப் புழுக்கொடியலை விளக்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பிறகு விஷயம். "யாழ்ப்பாணத்துப் பண்பாடு" என்று வைத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "சைக்கிள் கடை, தையல் மெஷின் திருத்துகிறவர், வலை பின்னுகிறவர்" என்று இறங்கினால் அடுத்த கிழமையே ஒரு வாசலில் போய் நிற்கலாம். ஒரு சோதனை செய்து பாருங்கள்: பத்துப் பகுதிகளுக்கான தலைப்பை ஒரே இருப்பில் எழுத வருகிறதா? நாலில் பேனை நின்றால் ஒன்றில் விஷயம் மிகச் சிறியது, இல்லாவிட்டால் அது உங்களுக்கு இன்னும் பழக்கமாகவில்லை. பத்தும் வந்தால் அதில் ஆறைத் தெரிந்தெடுத்து, "இது ஆறு பகுதிகள்" என்று முதலிலேயே கேட்கிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். முடிவில்லாமல் ஓடப்போவதாகச் சொல்லிவிட்டு மூன்றாவதில் நிற்பதைவிட அது நல்லது.

எத்தனை நிமிடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை

நீளத்துக்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் 750 பஸ்ஸில் ஏறிய ஒருவர், இருக்க இடம் கிடைத்து, ஹெட்ஃபோனைக் காதில் வைத்து, நெல்லியடிக்கு முன்னமே கேட்டு முடிக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். அப்படித்தான் 20 முதல் 25 நிமிடம் என்று வந்தது. முதல் முறை செய்கிறவருக்கு அதற்கு மேல் போனால் எடிட் செய்யும்போதே களைத்துவிடும்.

தனியாகப் பேசுவதா, இரண்டு பேர் கதைப்பதா, ஒருவரைக் கண்டு கேட்பதா? தனியாகப் பேசுவதுதான் சுகம் என்று நினைப்போம். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. எதிரில் ஒரு முகம் இல்லாவிட்டால் குரல் ஐந்து நிமிடத்தில் வாசிப்பாக மாறிவிடுகிறது. முதல் பொட்காஸ்ட்டுக்கு ஒரு விருந்தினரையோ, சேர்ந்து கதைக்க ஒரு சிநேகிதரையோ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒன்று போதும். ஆனால் மூன்று பகுதிகளைப் பதிந்து, எடிட் செய்து, கையில் வைத்துக்கொண்டுதான் முதலாவதை வெளியிட வேண்டும். இங்கே ஒரு செத்தவீடு, ஒரு கலியாணவீடு, பிள்ளைகளின் சோதனை, நல்லூர்த் திருவிழாவின் 25 நாள் என்று ஏதாவது வரும், வந்தால் இரண்டு கிழமை போய்விடும். கையிருப்பு இருந்தால் பதட்டமில்லை.

மைக் இல்லாமல் முதல் சந்திப்பு

இந்த ஒரு படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். யாரைப் பதியப் போகிறீர்களோ அவரிடம் முதல் தடவை வெறுங்கையோடு போங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். என்ன செய்யப் போகிறேன், யார் கேட்பார்கள், எங்கே வரும், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பதை எல்லாம் அன்றைக்கே சொல்லுங்கள். அவருடைய இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: எங்கே இருந்து கதைக்கலாம், எந்த நேரம் சத்தம் குறைவு, கைக்கு எட்டும் தூரத்தில் என்ன சாமான் கிடக்கிறது.

அந்தக் கடைசி விஷயத்தை நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கும் ஒரு சைக்கிள் கடையில்தான் கற்றேன். கடைக்காரர் எழுபதைத் தாண்டியவர். நான் நல்ல கேள்விகள் என்று நினைத்து ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு போயிருந்தேன். "ஐயா, கரண்ட் இல்லாத காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "அது அப்பிடித்தான் பிள்ளை" என்றார். "கஷ்டமாக இருந்ததா?" "ஓம்." அவ்வளவுதான். தாளை மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் பழைய பால்மா ரின்னுக்குள் கிடந்த ஒரு டைனமோவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் அதைத் துணியால் துடைத்தார், பெருவிரலால் அதன் தலையை ஒருமுறை உருட்டினார், "கர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு தானாகத் தொடங்கினார்.

"இது லைற் எரிக்கிறதுக்கு மட்டும் எண்டு நினைக்காத பிள்ளை. சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வைச்சு, இதில வயரைக் கொழுவி றேடியோவுக்குக் குடுக்கிறது. ஒராள் பெடலைச் சுத்த வேணும், மற்றாக்கள் சுத்தி இருந்து கேக்கிறது. செய்தி முடியுமட்டும் சுத்த வேணும். கை ஓய்ஞ்சால் செய்தியும் ஓய்ஞ்சிடும்."

1990-இல் போர் மறுபடி மூண்டு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பற்றரியும் தடைசெய்த சாமான்களில் ஒன்றாகியிருந்த வருடங்களில், இந்த ஊரே இப்படித்தான் செய்தி கேட்டது. எனக்கு அது தெரிந்த விஷயம்தான், பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் "கை ஓய்ஞ்சால் செய்தியும் ஓய்ஞ்சிடும்" என்பதை நான் எந்தத் தாளிலும் எழுதியிருக்க முடியாது.

ஆகவே கேள்வி எழுதும்போது "ஓம், இல்லை" என்று முடியக்கூடியதை எல்லாம் வெட்டுங்கள். "கஷ்டமா?" என்பதற்குப் பதிலாக "காலமை கடை திறந்தவுடன் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சாமானைக் கையில் கொடுத்து, "இதை எனக்குச் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். எட்டுக் கேள்வி போதும், அதில் நாலைக் கேட்கவே நேரம் வராது. போவதற்கு முன் கொஞ்சம் வாசித்துவிட்டும் போங்கள். 2005-இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் ஊர் மலர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஊரின் பெயரைத் தேடினாலே நல்ல இரண்டு கேள்விகள் வந்துவிடும்.

கருவி

முதல் பகுதிக்கு உங்கள் போன் போதும், இதை நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. பதியும் செயலியின் அமைப்பில் வேவ் (WAV) என்ற வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள். மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில் பதிந்தால், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 320 மெகாபைட் பிடிக்கும், அதற்கு இடம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். போனைக் கையில் பிடிக்காமல், ஒரு மடித்த துவாயின் மேல், பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மைக் எவ்வளவு விலை என்பதைவிட இந்த ஒரு சாண் தூரம்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது.

அடுத்த படி, சட்டையில் கொழுவும் சின்ன மைக். போயா பிவை-எம்1 எல்லாருக்கும் தெரிந்தது, 6 மீற்றர் வயர் வரும், போனிலும் கமராவிலும் வேலை செய்யும். அதன் நடுவில் இருக்கும் சின்னச் சுவிட்சைப் போனுக்கா கமராவுக்கா என்று சரியாகத் தள்ள வேண்டும். புதிய போன்களில் ஹெட்ஃபோன் துளை இல்லாததால் ஒரு மாற்றி வேண்டி வரலாம். வாங்குவதற்கு முன் கலியாண வீடியோ எடுக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், அவர்களிடம் இப்படி இரண்டு மூன்று இருக்கும், ஒரு நாளைக்கு இரவல் தருவார்கள்.

வீட்டிலேயே இருந்து பேசப் போகிறீர்கள் என்றால் யூஎஸ்பியில் கொழுவும் டைனமிக் வகை மைக் வாங்குங்கள், சாம்சன் கியூ2யூ போல. கடையில் கண்டென்சர் மைக்கைக் காட்டி "இது இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும்" என்பார்கள். உண்மைதான், பக்கத்து வீட்டு நாயையும் ஒழுங்கையில் போகிற மோட்டார் சைக்கிளையும் சேர்த்தே நுணுக்கமாகப் பிடிக்கும். சத்தம் தடுத்த அறை இல்லாத எங்களுக்கு டைனமிக்தான் உதவி.

ஹெட்ஃபோன் கட்டாயம், வயர் உள்ளது. பதியும்போது காதில் கேட்காமல் பதிந்தால் வீட்டுக்கு வந்துதான் குறை தெரியும்.

அறை, காற்று, நேரம்

எங்கள் வீடுகள் சீமெந்துச் சுவர், மாபிள் நிலம், உயரமான கூரை. முன்விறாந்தையில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள், தட்டியதற்குப் பின்னால் ஒரு கணகணப்பு வரும். அதே கணகணப்புத்தான் உங்கள் குரலிலும் ஒட்டும், எந்தச் செயலியாலும் அதை முழுதாகக் கழுவ முடியாது. மெத்தை இருக்கும் சின்ன அறைக்குப் போங்கள். உடுப்பு அலுமாரியின் கதவைத் திறந்து விடுங்கள். பேசுகிறவருக்குப் பின்னால் கொடியில் இரண்டு தடித்த பெட்சீட்டைத் தொங்க விடுங்கள். மேசையில் துவாய் விரியுங்கள். மறுபடி கையைத் தட்டினால் வித்தியாசம் கேட்கும்.

ஃபானை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை. ஏப்ரல் வெக்கையில் இது சின்ன விஷயமல்ல, அதனால் பன்னிரண்டு நிமிடம் பதிந்து, ஃபானைப் போட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்குங்கள். வயதானவர் என்றால் இன்னும் அடிக்கடி நிறுத்துங்கள். ஃபிரிஜ்ஜையும் நிறுத்துங்கள், நிறுத்தும்போது சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள், வெளிக்கிடும்போது திறப்பைத் தேடுகையில் ஃபிரிஜ்ஜைத் திரும்பப் போட ஞாபகம் வரும். லப்டொப்பில் பதிந்தால் சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் ஓட்டுங்கள், பல வீடுகளில் அந்த வயர் வழியாகத்தான் "ம்ம்ம்" என்ற இரைச்சல் ஏறுகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை காலமை கோயில் லவுட்ஸ்பீக்கர், பாண் ஓட்டோ, பள்ளிக்கூட வான். பின்னேரம் தண்ணீர் மோட்டர். எனக்கு வாய்த்தது பகல் இரண்டரையிலிருந்து நாலு வரை, ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். உங்கள் ஒழுங்கைக்கு எது சரி என்று இரண்டு நாள் காதைக் கொடுத்துப் பாருங்கள்.

வெளியில் பதிவதானால் காற்றைக் கணக்கெடுங்கள். வைகாசி தொடங்கி சோளகக் காற்று வீசும் மாதங்களில் குருநகர்க் கரையிலோ காரைநகரிலோ திறந்த மைக்கைப் பிடித்தால் கடலும் கேட்காது, ஆளும் கேட்காது, மைக்கில் காற்று மோதும் சத்தம்தான் கேட்கும். பஞ்சு உறை போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒரு சுவரின் மறைவில் நில்லுங்கள். மாரியில் தகரக் கூரையின் கீழ் பதிய வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அம்மம்மாவின் கசெட்டில் அந்தக் கப்பிச் சத்தம் இல்லாவிட்டால் அது எங்கள் வீடு என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஆகவே சத்தங்களைத் தனியாகப் பதிந்து வையுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்: சைக்கிள் மணி, சந்தை, வலை இழுக்கிறவர்களின் குரல், தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறும் பட்டங்களில் கட்டிய "விண்" என்ற நார் கூவுகிற சத்தம். குரலைச் சுத்தமாகவும் ஊரைத் தனியாகவும் எடுத்தால் இரண்டையும் எந்த அளவில் சேர்ப்பது என்பது உங்கள் கையில் இருக்கும்.

பதியும் நாள்

போன் முழுதாகச் சார்ஜ், ஏரோபிளேன் மோட். இதை நான் முதல் நாள் செய்யவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் ஒரு அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது, நின்றது எனக்குத் தெரியவுமில்லை. அன்றைக்கு நான் பதிந்த அம்மா தன் தகப்பன் வலை பின்னக் காட்டிக்கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டபோது சொன்னார்தான், ஆனால் முதல் தடவை வந்த நடுக்கம் குரலில் இல்லை.

முதலில் ஒரு நிமிடம் பதிந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். அளவு காட்டும் கோடு மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் ஆடினால் சரி, சிவப்பைத் தொடக் கூடாது. "பருத்தித்துறைப் பப்பாப்பழம்" என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். "ப" வரும்போதெல்லாம் "புஃப்" என்று மைக்கில் காற்று அடித்தால், மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் சரியுங்கள். அதோடு அவரும் சிரித்து இளகிவிடுவார்.

பிறகு முப்பது விநாடி இருவரும் பேசாமல் இருந்து அறையின் வெறும் அமைதியைப் பதியுங்கள். எடிட் செய்யும்போது இது தங்கம் மாதிரி. அடுத்ததாக நாள், இடம், அவரை எந்தப் பெயரில் அழைக்க வேண்டும், பதிந்து வெளியிடச் சம்மதமா என்பதை அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள்.

பேசத் தொடங்கியதும் நீங்கள் "ம், ஓமோம், சரி சரி" என்று சொல்வதை விடுங்கள், தலையை ஆட்டினால் போதும். அவர் ஒரு பதிலை முடித்ததும் மனதுக்குள் நாலு வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த கேள்வி. அந்த நாலுக்குள் பெரும்பாலும் இன்னொரு வாக்கியம் வரும், நல்லது அதில்தான் இருக்கும்.

இந்த ஊரில் யாரோடு கதைத்தாலும் கதை எங்கேயோ ஒரு இடத்தில் போரில் போய் முட்டும். இடம்பெயர்வு, இழந்தவர்கள், இன்னும் திரும்பி வராதவர்கள். அதைக் கேட்டு வாங்காதீர்கள். தானாகச் சொன்னால் இடைமறிக்காதீர்கள். அழுதால் பதிவை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று அவரிடமே கேளுங்கள். வெளியிடுவதற்கு முன் அந்தப் பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டி, பெயர், ஊர், உறவு எதையாவது எடுக்கச் சொன்னால் மறு பேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள். அன்றைக்கு மனம் இளகிச் சொன்ன ஒன்றை அடுத்த நாள் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைக்க எல்லாருக்கும் உரிமை உண்டு.

எந்தத் தமிழ்

1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியது. அதன் பிறகு பல தலைமுறைகளின் காது வானொலித் தமிழில் வளர்ந்தது, நான் அதை மதிக்கிறேன், அந்த உச்சரிப்புச் சுத்தம் இன்றைக்கும் அபூர்வம். ஆனால் பொட்காஸ்ட் ஒருவரின் காதுக்குள் போகிறது, தொங்கலில் இருக்கும் கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தும் தேவை இல்லை. என் முதல் முன்னுரையை இப்படி எழுதியிருந்தேன்: "வணக்கம் நேயர்களே, இந்த நிகழ்ச்சியின் ஊடாகத் தங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகின்றோம்." வாசித்துப் பதிந்து கேட்டேன், யாரோ மேடையில் நிற்கிற மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு, டைனமோ உருளும் சத்தத்தை முதலில் விட்டு, அதன் மேல் "இந்தச் சத்தம் என்னவெண்டு தெரியுதா? தெரியாட்டி உங்கட அப்பாவைக் கேட்டுப் பாருங்கோ" என்று சொன்னேன். ஸ்காபரோக்காரி அதைக் கேட்டுவிட்டு உண்மையாகவே தகப்பனிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

சென்னைத் தமிழுக்கு மாற வேண்டாம், செய்தித் தமிழுக்கும் மாற வேண்டாம். வீட்டில் எப்படிக் கதைக்கிறீர்களோ அதுவே சரி. எழுதிய தாளை வாசிப்பதானால் வாய்விட்டு வாசித்துப் பார்த்து, நாக்கு இடறும் இடத்தில் எல்லாம் சொல்லை மாற்றுங்கள். "சென்றார்" என்று எழுதியிருந்தாலும் வாய் "போனார்" என்றுதான் சொல்லும், வாயின் சொல்லையே எடுங்கள்.

எடிட்

ஒடாசிட்டி (Audacity) என்ற இலவசச் செயலி போதும், பழைய லப்டொப்பிலும் ஓடும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன், முழுப் பதிவையும் ஒருமுறை எதையும் தொடாமல் கேளுங்கள். கேட்கும்போது தாளில் நிமிடத்தையும் ஒரு சொல்லையும் குறியுங்கள்: "14:20, தலைகீழ் சைக்கிள்", "31:05, மகன் போனது". எங்கே உங்களுக்கே கவனம் கலைந்ததோ அங்கே ஒரு கோடு. ஒரு மணித்தியாலப் பதிவு இந்தத் தாளில்தான் 22 நிமிடமாகிறது. எனக்கு ஒரு பகுதிக்கு மூன்று இரவு போனது.

வெட்டும்போது மூச்சை வெட்டாதீர்கள். மூச்சில்லாத பேச்சு கேட்கிறவரையும் மூச்சுத்திணற வைக்கும். நீண்ட தயக்கத்தைச் சுருக்கலாம், ஆனால் ஒருவர் யோசித்துப் பதில் சொன்ன அமைதியை அப்படியே விடுங்கள். ஒருவரின் பதிலை வேறு கேள்விக்குப் பின்னால் ஒட்டுவது மட்டும் வேண்டாம், அது பொய்.

பிறகு சத்தத்தைத் திருத்துவது. முதலில் அந்த முப்பது விநாடி அமைதியைத் தெரிவு செய்து, இரைச்சல் குறைப்புக்குப் போய், "இதுதான் இரைச்சல்" என்று செயலிக்குக் காட்டுங்கள். பிறகு முழுவதையும் தெரிவு செய்து 6 முதல் 12 டெசிபல் வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகிவிடும், கொஞ்ச இரைச்சல் அதைவிட எவ்வளவோ மேல். அடுத்து, தாழ்ந்த சத்தத்தை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரில் 80 ஹேர்ட்ஸ், அதற்குக் கீழே மனிதக் குரலில் பெரிதாக ஒன்றும் இல்லை, லொறி உறுமலும் மேசை அதிர்வும்தான். அடுத்து கொம்ப்ரெசர், மெல்லியதாக, ஒருவர் சத்தமாகவும் மற்றவர் மெதுவாகவும் பேசுவதை அது சமப்படுத்தும். கடைசியாக லவுட்னஸ் அளவு: அப்பிளின் பொட்காஸ்ட் செயலி கேட்பது மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் மொத்தச் சத்தத்தின் அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

எம்பி3-ஆக, மோனோவில், 64 அல்லது 96 கேபிபிஎஸ்ஸில் (kbps, ஒரு விநாடிக்குப் பிடிக்கும் தரவின் அளவு) வெளியே எடுங்கள். 64-இல் எடுத்தால் 25 நிமிடம் 12 மெகாபைட்தான். டேட்டா கார்ட் போட்டுக் கேட்கிறவருக்கு அது பெரிய உதவி. வெளியிடுவதற்கு முன் மலிவான ஹெட்ஃபோனிலும், போனின் ஸ்பீக்கரிலும், முடிந்தால் ஓடுகிற ஓட்டோவிலும் ஒருமுறை கேளுங்கள். ஓட்டோவில் விளங்கினால் எங்கேயும் விளங்கும்.

பிரதி எடுத்து வையுங்கள்

பதிந்த அன்று இரவு, சாப்பிடுவதற்கு முன், மூன்று இடத்தில் பிரதி: லப்டொப், ஒரு பென்டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க், இணையத்தில் ஒரு களஞ்சியம். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். 1981-இல் எரிக்கப்பட்ட எங்கள் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அச்சுப் புத்தகங்கள் சிலவற்றை வேறு இடத்தில் தேடிப் பிடித்திருக்கலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் போனது போனதுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு வயதானவரின் குரலை ஒரே ஒரு போனில் வைத்துக்கொண்டு திரிய என்னால் முடியாது. வெட்டாத முழுப் பதிவையும் அழிக்காதீர்கள். பேசியவர் சம்மதித்தால் நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கும் கொடுக்கலாம், அவர்கள் ஒலிப்பதிவுகளையும் சேமிக்கிறார்கள்.

பெயர், படம், இசை

பெயர் தமிழில், வாயால் ஒருமுறை சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்லக்கூடியதாக. விவரத்தில் அதே பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள், போனில் தமிழ் எழுத்தில் தேடாதவர்கள் நிறைய. படம் சதுரம், 3000-க்கு 3000 பிக்சல் (1400-க்குக் குறைந்தால் அப்பிள் ஏற்காது). ஆனால் அதைப் பார்க்கப் போவது நகத்தளவில்தான், எனவே மூன்று சொல்லுக்கு மேல் அதில் எழுதாதீர்கள்.

சினிமாப் பாட்டை முன்னுக்குப் போடாதீர்கள். இலங்கையின் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டையும் காக்கிறது, யூடியூப்பும் உடனே பிடித்துவிடும். ஊரில் நாதஸ்வரமோ தவிலோ மிருதங்கமோ வாசிக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து, இருபது விநாடி வாசிக்கச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கி, பெயரைப் போட்டு, கையில் கொஞ்சக் காசும் கொடுங்கள். அது உங்களுடைய சத்தமாகவே இருக்கும்.

வெளியிடுவது

பொட்காஸ்ட்டை ஸ்பொட்டிஃபையிலோ அப்பிளிலோ நேரே ஏற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. உங்கள் ஒலிக்கோப்பு ஒரு தளத்தில் இருக்கும். அந்தத் தளம் ஆர்எஸ்எஸ் என்ற ஒரு பட்டியலை உண்டாக்கும்: தலைப்பு, விவரம், கோப்பு இருக்கும் முகவரி. செயலிகள் எல்லாம் அந்தப் பட்டியலை அடிக்கடி வந்து பார்த்துப் புதியதை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு தடவை அந்த முகவரியை ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்தால் போதும். 2024-இல் கூகுள் தன் பொட்காஸ்ட் செயலியை மூடியபோதும், பட்டியல் கையில் இருந்தவர்களின் நிகழ்ச்சிகள் மற்றச் செயலிகளில் அப்படியே தொடர்ந்தன.

கோப்பை வைத்து ஆர்எஸ்எஸ் உண்டாக்கும் தளமாக, தொடங்குகிறவருக்கு ஸ்பொட்டிஃபை ஃபோர் கிரியேட்டர்ஸ் போதும், அது இலவசம். கணக்குத் திறந்து, மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்து, ஒன்றரை நிமிட முன்னோட்டம் ஒன்றை முதலில் ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபை 2021-இலிருந்து இலங்கையிலும் கிடைக்கிறது. ஆர்எஸ்எஸ் முகவரியை எடுத்து அப்பிள் பொட்காஸ்ட்ஸ் கனெக்டில் கொடுங்கள், அவர்கள் பார்த்து அனுமதிக்கச் சில நாள் எடுக்கலாம், அதனால்தான் முன்னோட்டம் முதலில். ஆர்எஸ்எஸ் பட்டியலில் உங்கள் மின்னஞ்சல் வெளியில் தெரியக்கூடும், இதற்கென்று தனியாக ஒன்று திறந்துகொள்ளுங்கள். யூடியூப்பிலும் அதே படத்தோடு ஏற்றுங்கள், எங்கள் ஆக்களில் பொட்காஸ்ட் செயலி என்று ஒன்றைத் திறந்தே பாராதவர்கள்கூட அங்கே கேட்பார்கள்.

வட்ஸ்அப்பிலும் வைபரிலும் இணைப்பை மட்டும் அனுப்பாமல், நாற்பது விநாடித் துண்டு ஒன்றை வெட்டி அதோடு அனுப்புங்கள். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிரில் பத்தரை. இங்கே பின்னேரம் ஐந்து மணிக்கு அனுப்பினால் அங்கே வேலைக்கு வெளிக்கிடும் நேரம், காரில் கேட்பார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைப் பதிவதானால், வட்ஸ்அப் அழைப்பைப் பதியாதீர்கள். அழைப்பில் கதையுங்கள், ஆனால் அவரும் நீங்களும் தனித்தனிப் போனில் உங்கள் உங்கள் குரலைப் பதியுங்கள், தொடக்கத்தில் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சொல்லிச் சேர்ந்து ஒரு கை தட்டுங்கள். பிறகு அவர் கோப்பை அனுப்பியதும் அந்தக் கைதட்டலை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் இரண்டும் பொருந்திவிடும்.

பேசியவரிடம் திரும்பிப் போங்கள்

வெளியான அன்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பேசியவரிடம் போங்கள். சைக்கிள் கடை ஐயாவிடம் இருப்பது பட்டன் போன், ஸ்பொட்டிஃபை எல்லாம் இல்லை. அவர் கடையில் பென்டிரைவ் கொழுவும் சின்ன றேடியோப் பெட்டி ஒன்று இருந்ததை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனேன். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அவரிடம் கேட்டுவிட்டு, பதிவைத் தொடங்கி மேசையில் வைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காற்றுப் போன ஒரு ரியூப்பைக் கையில் வைத்துக்கொண்டு 22 நிமிடமும் கேட்டார். கடைக்கு வந்த ஒரு பெடியனைக் கையைக் காட்டி நிற்கச் சொன்னார், அவனும் நின்று கேட்டான். முடிந்ததும் ரியூப்பைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டே, "ஒண்டை நான் சொல்ல மறந்திட்டன் பிள்ளை" என்றார், "அந்த டைனமோவைச் சுத்தினது ஆரெண்டு நீ கேக்கேல்லையே. என்ர தங்கச்சிதான். அவவுக்கு அப்ப பதினொரு வயசு." இரண்டாம் பகுதியை அந்த வரியிலிருந்து தொடங்கினேன்.